நெட்ஃப்ளிக்ஸ் மூடி வச்ச 9 மணி நேரப் படம்: டாக்குமெண்டரில கடைசி வார்த்தை யாரோடது?

2025 பிப்ரவரில ஒரு செய்தி வந்துச்சு. பாடகர் பிரின்ஸ் பத்தி நெட்ஃப்ளிக்ஸுக்காக எடுத்த டாக்குமெண்டரி இனிமே வெளியாகாது, பிரின்ஸோட சொத்தை நிர்வாகம் பண்றவங்களே புதுசா வேற ஒரு டாக்குமெண்டரி எடுத்துக்குவாங்கனு ரெண்டு தரப்பும் பேசி முடிச்சுட்டாங்க. பாதில நின்ன படமா இருந்தா யாரும் பெருசா கேட்டிருக்க மாட்டாங்க, ஆனா இது கிட்டத்தட்ட 5 வருஷ உழைப்பு, சுமார் 9 மணி நேரம் ஓடுற படம், எடுத்தவர் ஏற்கனவே ஆஸ்கர் வாங்குன எஸ்ரா எடல்மேன்.

காசு போட்டது நெட்ஃப்ளிக்ஸ், எடுத்தது எடல்மேன், பிரின்ஸ் செத்தே 2016ல. அப்புறம் யாரு யாரைத் தடுக்குறாங்க? இதே எடல்மேன், கொலைக் கேஸ்ல சிக்கி விடுதலையான அமெரிக்க ஃபுட்பால் ஸ்டார் ஓ.ஜே. சிம்ப்சன் பத்தி 7 மணி நேரத்துக்கு மேல படம் எடுத்தப்போ, சிம்ப்சன் உயிரோட இருந்தும் யாராலயும் ஒண்ணும் பண்ண முடியலையே, அது எப்படி? இந்த ரெண்டு கேள்விக்கும் பதில் ஒரே இடத்துல இருக்கு. டாக்குமெண்டரில கதையோட திசையை முடிவு பண்றது பெரும்பாலும் திறமை இல்ல, பழைய ஃபுட்டேஜும் பாட்டும் யார் கையில இருக்குங்கிறது தான். எடல்மேனோட வேலையை வரிசையா பாத்தா இது நல்லா புரியும்.

முதல்ல சில வார்த்தைகள்

1. புரொடியூசர்: நம்ம ஊர் சினிமால தயாரிப்பாளர்னா பணம் போடுறவரு. அமெரிக்க டிவி டாக்குமெண்டரில அப்படி இல்ல, கதையைத் தேடுறது, ஆளுங்களைப் பேச சம்மதிக்க வைக்கிறது, பழைய ஃபுட்டேஜைக் கண்டுபிடிக்கிறது, பேட்டி எடுக்கிறது எல்லாம் புரொடியூசர் வேலை தான். எடல்மேன் இந்த வழியா வந்தவர். டைரக்டர்ங்கிற பேரு அதுக்கு அப்புறம் தான் சேந்துச்சு.

2. எக்ஸிக்யூட்டிவ் புரொடியூசர்: சேனல் பெரிய ஆளாவும் இருக்கலாம், படத்துல வர்ற ஸ்டாரோட மேனேஜராவும் இருக்கலாம். பின்னாடி இதுக்குத் திரும்ப வருவோம்.

3. ஆர்க்கைவ்: பழைய மேட்ச், நியூஸ், வீட்டு வீடியோ எல்லாம். இது ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஓனர் உண்டு, அவருக்குக் காசு குடுத்து லைசன்ஸ் வாங்கணும். விமர்சனம், செய்தி மாதிரி விஷயத்துக்குக் கொஞ்சமா எடுத்துக்க அமெரிக்க காப்பிரைட் சட்டத்துல 107ஆவது பிரிவு இடம் குடுக்குது, ஃபேர் யூஸ்னு சொல்வாங்க, ஆனா ஒரு பாடகரைப் பத்தின படம் முழுக்க அவர் பாட்டை ஓட விட்டுட்டு அந்தப் பிரிவை மட்டும் நம்பி இருக்க முடியாது.

4. ஃபைனல் கட்: கடைசியா எது படத்துல இருக்கும், எது போகும்னு சொல்ற அதிகாரம்.

5. எஸ்டேட்: செத்தவரோட பாட்டு, பேரு, படம், சொத்து எல்லாத்தையும் சட்டப்படி பாத்துக்குற அமைப்பு.

யார் இந்த எடல்மேன்

1974ல பாஸ்டன்ல பொறந்து வாஷிங்டன்ல வளந்தவர். அம்மா மேரியன் ரைட் எடல்மேன், மிசிசிப்பி மாநிலத்துல வக்கீலா பதிவு பண்ண முதல் கறுப்பினப் பெண், குழந்தைகள் உரிமைக்காக 1973ல சில்ரன்ஸ் டிஃபென்ஸ் ஃபண்ட் ஆரம்பிச்சவங்க. அப்பா பீட்டர் எடல்மேன், யூதர், ராபர்ட் கென்னடிகிட்ட வேலை பாத்தவர், பின்னாடி கிளிண்டன் அரசுல இருந்து 1996ல ஏழைங்களுக்கான உதவிச் சட்டத்தை மாத்துனதை எதிர்த்து ராஜினாமா பண்ணவர். வீட்டுல சிவில் ரைட்ஸ் பேச்சு தான் தினசரி சாப்பாடு மாதிரி இருந்திருக்கும்னு தோணும், ஆனா பையன் யேல்ல படிச்சுட்டு போனது ஸ்போர்ட்ஸ் டிவிக்கு. எச்பிஓ சேனல்ல ரியல் ஸ்போர்ட்ஸ்னு ஒரு நிகழ்ச்சி, விளையாட்டைப் பத்தி ஜர்னலிசம் பண்ற நிகழ்ச்சி, அதுல வேலை கத்துக்கிட்டார்.

ஓ.ஜே.வுக்கு முன்னாடி: மேட்ச் ஒரு சாக்கு

இவரோட ஆரம்பப் படங்களை வரிசையா வச்சா ஒரு பழக்கம் தெரியும். எல்லாருக்கும் தெரிஞ்ச ஒரு விளையாட்டுக் கதையை எடுப்பார், அந்த வழியா உள்ள போய் ஒரு ஊர்ல கறுப்பினத்தவரும் வெள்ளையரும் எப்படி வாழ்ந்தாங்கன்னு காட்டுவார்.

2007ல எச்பிஓவுக்குப் புரூக்ளின் டாட்ஜர்ஸ் பேஸ்பால் டீம் பத்தி. 1947ல ஜாக்கி ராபின்சன் மூலமா பெரிய லீக்ல கறுப்பினத்தவங்களைச் சேக்காத நிறத்தடையை உடைச்ச டீம், 1955ல வேர்ல்ட் சீரிஸ் ஜெயிச்ச டீம், 1957 சீசன் முடிஞ்சதும் மூட்டையைக் கட்டிக்கிட்டு லாஸ் ஏஞ்சலஸுக்குப் போயிடுச்சு. ஓனர் வால்டர் ஓமாலி தான் துரோகினு புரூக்ளின்ல பல வருஷம் திட்டுனாங்க. ஆனா ஓமாலி கேட்ட இடத்துல புது ஸ்டேடியம் கட்ட நியூயார்க் அதிகாரி ராபர்ட் மோசஸ் ஒத்துக்கல, அதே சமயத்துல வெள்ளைக்காரக் குடும்பங்க அந்த ஏரியாவைக் காலி பண்ணி புறநகருக்குப் போய்ட்டிருந்தாங்க. அப்போ யாரு யாரை விட்டுட்டுப் போனதுங்கிற கேள்வி வேற மாதிரி ஆயிடுது.

2010ல பாஸ்கெட்பால் ஸ்டாருங்க மேஜிக் ஜான்சன், லாரி பேர்ட் பத்தி. 1979 காலேஜ் ஃபைனல்ல ஆரம்பிச்ச போட்டி, அப்புறம் லேக்கர்ஸ், செல்டிக்ஸ் டீம்கள் மோதலா 80கள் முழுக்க ஓடுச்சு. ஒருத்தர் கறுப்பினம், ஒருத்தர் வெள்ளைக்காரர், அந்த வித்தியாசத்தை வச்சே டிவி வியாபாரம் எப்படி வளந்துச்சுங்கிறது தான் இதுல சுவாரசியம்.

என் கணக்குல முக்கியமானது 2011ல வந்த கர்ட் ஃப்ளட் படம். இங்க கொஞ்சம் நிக்கணும், ஏன்னா இதுல இருக்குற விஷயம் நம்ம ஊர்ல நிறைய பேருக்குத் தெரியாது. அப்போ அமெரிக்க பேஸ்பால்ல ரிசர்வ் கிளாஸ்னு ஒரு விதி. கான்ட்ராக்ட் முடிஞ்சாலும் பிளேயர் அந்த டீமுக்குத் தான் சொந்தம், டீம் விக்கலாம், மாத்தலாம், பிளேயர் நான் வேற டீமுக்குப் போறேன்னு சொல்ல முடியாது. ஐபிஎல் ஏலத்துல கூட சில வருஷத்துக்கு ஒரு தடவை கணக்கு புதுசா ஆரம்பிக்குது, அந்த விதில ரிட்டயர் ஆகுற வரைக்கும் விடுதலையே கிடையாது.

செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் டீம்ல ஃப்ளட் நல்லா ஆடிட்டிருந்த ஆளு. 1969 அக்டோபர்ல அவரைக் கேக்காமலே ஃபிலடெல்ஃபியாவுக்கு மாத்துனாங்க. டிசம்பர் 24ஆம் தேதி பேஸ்பால் கமிஷனர் பௌவி கூனுக்கு லெட்டர் எழுதுனார், என் விருப்பத்தைக் கேக்காம வாங்கி விக்க நான் ஒரு சொத்து கிடையாதுன்னு. வருஷத்துக்கு 90,000 டாலர் சம்பாதிக்கிற ஆளுக்கு என்ன கொறைனு டிவில கேட்டப்போ, நல்ல சம்பளம் வாங்குற அடிமையும் அடிமை தான்னு சொன்னார். வழக்கு சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய் 1972ல 5க்கு 3னு தோத்துட்டார். கேரியர் முடிஞ்சுது. மூணே வருஷத்துல, 1975 கடைசில, வேற ரெண்டு பிளேயருங்க கேஸ்ல அந்த விதி உடைஞ்சுது, அதுக்கப்புறம் வந்தவங்க கோடி கோடியா சம்பாதிச்சாங்க, ஃப்ளட்டுக்கு ஒரு பைசா வரல. இந்தக் கதையை வெறும் தியாகி கதையா எடுத்துட்டுப் போயிருக்கலாம், அவரோட குடி, பணப் பிரச்சினை எல்லாத்தையும் மறைக்காம வச்சது தான் எடல்மேன் பாணி.

2014ல ஈஎஸ்பிஎன்னோட தர்ட்டி ஃபார் தர்ட்டி வரிசைல பிக் ஈஸ்ட் காலேஜ் பாஸ்கெட்பால் பத்தி ஒண்ணு எடுத்தார். ஜார்ஜ்டவுன் கோச் ஜான் தாம்ப்சன், அவர்கிட்ட ஆடுன பேட்ரிக் யூயிங், யூயிங் மேல ரசிகருங்க வாழைப்பழத் தோல் வீசுனது எல்லாம் அந்த லீக்கோட வரலாறு.

ஓ.ஜே. படம்: கொலை வழக்கு இல்ல, ஊரோட வழக்கு

ஈஎஸ்பிஎன்ல இருந்து சிம்ப்சன் பத்தி எடுக்கச் சொன்னப்போ முதல்ல எடல்மேன் ஆர்வம் காட்டல. அந்தக் கேஸ்ல புதுசா சொல்ல என்ன இருக்குனு தான் யாருக்கும் தோணும். நேரம் நிறைய குடுங்க, கேஸை மட்டும் எடுக்க மாட்டேன்னு பேசித் தான் ஒத்துக்கிட்டார். 5 மணி நேரம்னு ஆரம்பிச்சது கடைசில 467 நிமிஷம் ஆச்சு.

சுருக்கமா பின்னணி. சிம்ப்சன் 1968ல அமெரிக்கக் காலேஜ் ஃபுட்பாலோட பெரிய விருதான ஹைஸ்மன் டிராஃபி வாங்குன ஸ்டார், 1973ல பஃபலோ பில்ஸ் டீமுக்காக ஒரே சீசன்ல 2,003 யார்ட் ஓடுன முதல் ஆளு. 1994 ஜூன் 12ல முன்னாள் மனைவி நிக்கோல் பிரவுனும் அவங்க நண்பர் ரான் கோல்ட்மேனும் கொலை ஆனாங்க, 1995 அக்டோபர் 3ல அந்தக் கேஸ்ல சிம்ப்சன் குற்றவாளி இல்லைனு தீர்ப்பு. அமெரிக்கால பல கறுப்பினத்தவங்க கொண்டாடுனாங்க, பல வெள்ளைக்காரங்க அதிர்ச்சில உக்காந்தாங்க. அந்த ரெண்டு முகமும் பக்கத்துல பக்கத்துல டிவில வந்துச்சு. எடல்மேன் பதில் தேடுனது இதுக்குத் தான்: ஒரே தீர்ப்பு எப்படி ரெண்டு விதமா கேட்டுச்சு?

இதுக்கு ரெண்டு கதையைத் தனித்தனியா ஓட விடுறார்.

1. சிம்ப்சன் கதை: 1968 ஒலிம்பிக்ஸை ஒட்டி கறுப்பின வீரருங்க போராட்டம் நடந்தப்போ ஒதுங்கி நின்னவர். நான் கறுப்பன் இல்ல, ஓ.ஜே.னு அவர் சொன்னதா கூட இருந்தவங்க சொல்றாங்க. 1975ல இருந்து ஹெர்ட்ஸ் கார் வாடகை விளம்பரத்துல ஏர்போர்ட்ல ஓடுவாரு, சுத்தி நின்னு கைதட்டுறவங்க எல்லாம் வெள்ளைக்காரங்க. அது தற்செயல் இல்ல, கறுப்பு ஆளு ஓடி வந்தா பயப்படாம பாக்கணும்னு திட்டம் போட்டே அப்படி எடுத்தது.

2. லாஸ் ஏஞ்சலஸ் கதை: 1965 வாட்ஸ் கலவரம், 34 பேர் சாவு. 1991 மார்ச்ல ரோட்னி கிங்ங்கிற கறுப்பின ஆளைப் போலீஸ் அடிக்கிற வீடியோ. அதே மாசம் 15 வயசு கறுப்பினப் பொண்ணு லடாஷா ஹார்லின்ஸை ஆரஞ்சு ஜூஸ் பாட்டில் தகராறுல கடைக்காரம்மா சுட்டுக் கொன்னாங்க, கோர்ட் அவங்களுக்கு ஜெயில் தண்டனையே குடுக்கல. 1992 ஏப்ரல்ல கிங்கை அடிச்ச போலீஸ்காரங்க மேல ஜூரி, அதாவது பொதுமக்கள்ல இருந்து எடுத்த தீர்ப்புக் குழு, ஒருத்தரையும் குற்றவாளினு சொல்லல, ஊரே எரிஞ்சுது.

இந்த ரெண்டு கதையும் ஒண்ணை ஒண்ணு தொடவே இல்ல, ஏன்னா சிம்ப்சன் வாழ்ந்தது பணக்கார வெள்ளைக்காரங்க ஏரியால. படம் ஆரம்பிச்சு ரெண்டு மணி நேரம் தாண்டியும் கொலை வராது, சிலருக்கு இது இழுவைனு படலாம், ஆனா கோர்ட்ல ரெண்டு கதையும் முட்டுறப்போ ஒவ்வொரு சாட்சியும் எந்தப் பழைய காயத்துல போய் உக்காருதுனு விளக்கமே தேவைப்படாது.

ஒரு இடத்தைக் கிட்டப் போய் பாக்கலாம். ஜூரி சிம்ப்சன் வீட்டைப் பாக்க வர்றாங்க, கடைசில தீர்ப்பு சொன்ன 12 பேர்ல 9 பேர் கறுப்பினத்தவங்க. டிஃபென்ஸ் வக்கீல் கார்ல் டக்ளஸ் கேமரா முன்னாடி சிரிச்சுக்கிட்டே சொல்றார்: சுவத்துல இருந்த வெள்ளைக்கார நண்பருங்க ஃபோட்டோவை எல்லாம் எடுத்துட்டு கறுப்பினத்தவங்க ஃபோட்டோவை மாட்டுனோம், ஜூரி லத்தீன் அமெரிக்க வம்சாவளிக்காரங்களா இருந்திருந்தா சிம்ப்சனுக்கு சொம்ப்ரேரோ தொப்பி போட்ட ஃபோட்டோவை மாட்டியிருப்போம்னு. வாழ்நாள் பூரா கறுப்பன்னு சொல்லிக்காத ஆளை, உயிர் போற நேரத்துல ஒரே நாள்ல கறுப்பன் ஆக்குன கதை அது. எடல்மேன் அங்க பின்னணிக் குரல்ல ஒரு வார்த்தை சேக்கல, படம் முழுக்கவே நரேட்டர் கிடையாது. டக்ளஸ் சிரிப்பை வெட்டாம அப்படியே விட்டுட்டார், அவ்ளோ தான்.

இதை அவரால எப்படி எடுக்க முடிஞ்சுது?

திறமையைப் பாராட்டிட்டு போயிடுறாங்க, எனக்கு அதை விட முக்கியமா படுறது படத்தைச் சுத்தி இருந்த நிலைமை.

1. சிம்ப்சன் 2007 லாஸ் வேகாஸ் கொள்ளை கேஸ்ல தண்டனை வாங்கி நெவாடா ஜெயில்ல இருந்தார். படத்துக்குப் பேட்டி குடுக்கல. அவர் பேட்டி இல்லாமலே படம் நின்னதால அவர்கிட்ட பேரம் பேச எதுவுமே இல்ல.

2. கோர்ட் நடவடிக்கை முழுக்க டிவில வந்துச்சு, நியூஸ் ஃபுட்டேஜ் பல சேனல்ல சிதறிக் கிடந்துச்சு. ஒரே ஆள் பூட்டி வச்சு சாவியைத் தரமாட்டேன்னு சொல்ல முடியாது.

3. காசு போட்ட ஈஎஸ்பிஎன்னுக்கு சிம்ப்சனைக் காப்பாத்த எந்தக் காரணமும் இல்ல.

மூணாவதைச் சும்மா நினைக்காதீங்க. இதே ஈஎஸ்பிஎன் 2013ல, அமெரிக்க ஃபுட்பால்ல தலைல அடிபட்டு மூளை பாதிக்கிறதைப் பத்தி பிபிஎஸ் சேனலோட ஃப்ரன்ட்லைன் எடுத்த டாக்குமெண்டரில இருந்து ரிலீஸுக்கு முன்னாடி தன் பேரை எடுத்துக்கிட்டது. என்எஃப்எல் மேட்சை ஒளிபரப்ப அந்த லீக்குக்குக் கோடிக்கணக்குல பணம் கட்டுற சேனல் அது. அழுத்தம் இல்லைனு சேனல் சொன்னாலும் சந்தேகம் போகல. ஆக, ஒரே சேனல் ஒரு படத்துல தைரியசாலி, இன்னொண்ணுல பயந்தாங்கொள்ளி.

ஆஸ்கர் விவகாரம், சுருக்கமா

அஞ்சு பாகமா டிவில வந்த படத்துக்கு எப்படி ஆஸ்கர்னு இன்னும் சிலர் கேக்குறாங்க. 2016 ஜனவரில சன்டான்ஸ் விழால காட்டுனாங்க, மே மாசம் தியேட்டர்ல ஓட்டி தகுதி வாங்குனாங்க, ஜூன்ல தான் டிவில வந்துச்சு. 2017 பிப்ரவரில எடல்மேனும் இன்னொரு புரொடியூசர் கேரோலின் வாட்டர்லோவும் ஆஸ்கர் வாங்குனாங்க, ஆஸ்கர் ஜெயிச்சதுலயே ரொம்ப நீளமான படம் இது தான். ரெண்டே மாசத்துல, பல பாகமா வர்ற தொடருக்கு இனிமே டாக்குமெண்டரி பிரிவுல இடம் இல்லைனு அகாடமி விதியை மாத்திடுச்சு.

பிரின்ஸ் படம் ஏன் நின்னுச்சு

இங்க நிலைமை அப்படியே தலைகீழ்.

1. பிரின்ஸ் 2016 ஏப்ரல் 21ல உயில் எழுதாம செத்தார். வாரிசு உரிமை கூடப் பொறந்தவங்களுக்குக் கிடைச்சுது, பல வருஷம் கோர்ட்ல இழுத்து, 2022ல சொத்து ரெண்டு தரப்புக்குப் பிரிஞ்சுது. நெட்ஃப்ளிக்ஸ் ஒப்பந்தம் போட்டப்போ எஸ்டேட்டை நடத்துனவங்க வேற, படம் முடியுறப்போ பொறுப்புல இருந்தவங்க வேற. ஒப்பந்தம் போட்டவர் போய் அதைப் பிடிக்காதவர் வந்து உக்காந்தா என்ன ஆகும்னு சொல்லவே வேண்டாம்.

2. பிரின்ஸோட வெளிவராத பாட்டும் வீடியோவும் வால்ட்டுனு சொல்ற ஒரே பெட்டகத்துல இருக்கு. சாவி எஸ்டேட் கையில. சிம்ப்சன் படத்துல ஃபுட்டேஜ் நூறு இடத்துல, இங்க எல்லாம் ஒரே இடத்துல.

3. ஃபைனல் கட் எஸ்டேட்டுக்குக் கிடையாது, தகவல் பிழை இருக்கானு பாக்குற உரிமை மட்டும் தான் இருந்துச்சு. அவங்க 17 பக்கத்துக்குத் திருத்தம் குடுத்தாங்க, அதுல இருந்தது தகவல் பிழை இல்ல, படம் என்ன சொல்லுதுங்கிறதுல தலையிடுறதுனு எடல்மேன் 2025ல ஒரு பாட்காஸ்ட்ல சொன்னார்.

4. நீளம். ஒப்பந்தத்துல 6 மணி நேரத்துக்கு மேல போகக்கூடாதுனு இருந்ததா செய்திகள்ல வந்துச்சு. படம் 9 மணி நேரம். கேக்க சின்ன விஷயம், ஆனா சண்டை வர்றப்போ எஸ்டேட் பக்கம் வக்கீலுக்குக் கையில கிடைச்ச ஆயுதம் இது.

படத்துல என்ன இருந்துச்சுனு 2024 செப்டம்பர்ல நியூயார்க் டைம்ஸ் மேகசின்ல பெரிய கட்டுரை வந்துச்சு. பிரின்ஸோட மேதைமை, சின்ன வயசுல பட்ட கஷ்டம், கூட இருந்த பெண்கள் அவர்கிட்ட அனுபவிச்சதா சொன்ன வன்முறை எல்லாமே அதுல இருந்துச்சாம். எஸ்டேட் தரப்பு இது அவரைத் தப்பா காட்டுதுனு சொல்லுது. அவங்க பக்கம் கவலை என்னனு புரியாம இல்ல, பாட்டு வித்து வர்ற வருமானம் பேரோட மதிப்புல தான் நிக்குது. ஆனா குடும்பமோ கம்பெனியோ சம்மதிச்ச பிரின்ஸை மட்டும் தான் நாம பாக்கலாம்னா, அதுக்கு டாக்குமெண்டரினு பேரு எதுக்கு?

நெட்ஃப்ளிக்ஸ் சண்டை போட்டிருக்கலாம், போடல. எஸ்டேட்டோட பாட்டும் ஃபுட்டேஜும் வச்சு வேற படம் வந்தா அதுக்கும் பாக்க ஆளு வரும், கேஸ் செலவும் கிடையாது. கம்பெனி கணக்குல இது தப்பே இல்ல, அதான் பிரச்சினையே.

இதனால என்ன ஆகுது

இப்போ ஸ்போர்ட்ஸ் டாக்குமெண்டரி குவியுது, பெரும்பாலும் ஸ்டாரோட சம்மதத்தோட. 2020ல வந்த மைக்கேல் ஜோர்டன் தொடருக்கு 1997-98 சீசன்ல எடுத்த ஃபுட்டேஜ் தான் உயிர், அதை ஜோர்டன் அனுமதி இல்லாம தொட முடியாதுங்கிறது அப்போவே போட்ட ஒப்பந்தம், அவரோட மேனேஜருங்க பேரு எக்ஸிக்யூட்டிவ் புரொடியூசர் பட்டியல்ல இருந்துச்சு. டாம் பிராடி தொடர்ல பிராடி கம்பெனி, 2023 பெக்கம் தொடர்ல பெக்கம் கம்பெனி. இதெல்லாம் மோசமான படம்னு சொல்லல, ஜோர்டன் தொடரைப் பாத்து ரசிக்காதவங்க கம்மி. ஆனா ஜோர்டன் தன்னைப் பத்திச் சொல்ல விரும்பாத ஒண்ணு அதுல எப்படி வரும்?

அடுத்த தடவை ஒரு பெரிய ஸ்டார் பத்தி டாக்குமெண்டரி வந்தா, விமர்சனம் படிக்கிறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க:

1. எக்ஸிக்யூட்டிவ் புரொடியூசர் பேருங்க. ஸ்டாரோட கம்பெனி, மேனேஜர், எஸ்டேட் இருக்கா?

2. இதுவரைக்கும் யாரும் பாக்காத ஃபுட்டேஜ்னு விளம்பரம் பண்றாங்களா? அப்போ அதைக் குடுத்தவரு என்ன கேட்டிருப்பாருனு யோசிங்க.

3. அந்த ஆளால பாதிக்கப்பட்டவங்க யாராவது கேமரா முன்னாடி உக்காந்து பேசுறாங்களா, இல்ல நண்பருங்களும் கூட ஆடுனவங்களும் மட்டும் தானா?

4. காசு போட்ட சேனல் அந்த லீக்கோட மேட்சையும் ஒளிபரப்புதா?